ஸ்கேனில் தெரிந்த சிறுநீரக வீக்கம்

நேயர்களுக்கு வணக்கம். கர்ப்ப கால ஸ்கேன் அறிக்கையில் சில பெற்றோர் ஒரு வரியைப் பார்க்கிறார்கள்: 'குழந்தையின் சிறுநீரகத்தில் லேசான வீக்கம்.' நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டிலாவது இப்படித் தெரிகிறது. அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அப்புறம் குழந்தை பிறக்கிறது, நன்றாகப் பால் குடிக்கிறது, எடை கூடுகிறது. அந்த வரி மறந்தே போகிறது. குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவர் என்ற முறையில் எனக்கு உண்மையான கவலை இந்த மறதியைப் பற்றித்தான்.

கரு உருவான ஐந்தாவது வாரத்தில் சிறுநீரகம் அமையத் தொடங்குகிறது. பத்தாவது வாரத்தை ஒட்டிச் சிறுநீர் சுரக்கிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அந்த நீர் மிகவும் குறைந்தால் குழந்தையின் நுரையீரல் சரியாக வளராது. அதனால்தான் ஸ்கேன் செய்யும் மருத்துவர் சிறுநீரகத்தோடு நீரின் அளவையும் கவனமாகப் பார்க்கிறார்.

வீக்கம் என்றால் சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் இடம் விரிந்திருக்கிறது என்று பொருள். லேசான வீக்கம் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் தொடக்கத்திலேயே அடைப்பு இருக்கும். வேறு சிலருக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும். இதை ரிஃப்ளக்ஸ் என்கிறோம்.

பிறந்த முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகத்தான் சுரக்கும். அப்போது ஸ்கேன் எடுத்தால் இருக்கிற வீக்கமும் தெரியாமல் போகலாம். எனவே பொதுவாக 48 மணி நேரம் கழித்து எடுக்கிறோம். அது இயல்பாக இருந்தாலும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் இன்னொரு ஸ்கேன் அவசியம். அந்த இரண்டாவது ஸ்கேனுக்குத்தான் பலர் வருவதில்லை. 'குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது' என்கிறார்கள். ஒரு பக்கச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடும்போதும் குழந்தை நன்றாகத்தான் இருக்கும். மறுபக்கம் வேலையைப் பார்த்துக்கொள்ளும், வலியும் இருக்காது.

காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. ஆண் குழந்தைக்கு இரு சிறுநீரகமும் வீங்கி, சிறுநீர்ப்பை தடித்திருந்தால், சிறுநீர் வெளியேறும் பாதையில் வால்வு போன்ற சவ்வு அடைத்திருக்கலாம். பிறந்தவுடனேயே பார்க்க வேண்டிய நிலை இது. 'துணி நனைகிறது, பிரச்சினை இல்லை' என்று இருந்துவிடாதீர்கள். அடைப்பு இருந்தாலும் சொட்டுச் சொட்டாகத் துணி நனையும். தாரை எப்படி வருகிறது என்று பாருங்கள். நுண்ணிய குழாய்க் கருவியை உள்ளே செலுத்திச் சவ்வை நீக்கிவிடலாம். ஆனால் சிறுநீர்ப்பை ஏற்கெனவே பட்ட பாதிப்பு அத்தோடு தீர்ந்துவிடாது, பல ஆண்டுகள் கண்காணிப்பு வேண்டும்.

கர்ப்ப கால ஸ்கேனில் எதுவுமே தெரியாத குழந்தைகளும் எங்களிடம் வருகிறார்கள், பெரும்பாலும் காய்ச்சலோடு. சளி இல்லை, இருமல் இல்லை, ஆனால் கைக்குழந்தைக்குக் கடும் காய்ச்சல் அடிக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது என்றால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சிறுநீரைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனைக்கு, சிறுநீர் எடுத்துவிட வேண்டும். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி அகப்படாமல் போய்விடும். ரிஃப்ளக்ஸ் உள்ள குழந்தைக்குத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். பின்னாளில் ரத்த அழுத்தம் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர். பள்ளி, ஓட்டம், விளையாட்டு எல்லாம் அவர்களுக்கும் உண்டு. அவ்வப்போது ரத்த அழுத்தமும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதும் பார்த்தால் போதும். இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள்.

தாய்மார்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, 'நான் ஏதாவது தப்பாகச் சாப்பிட்டேனா?' என்பது. இல்லை அம்மா. சில குழந்தைகளுக்கு மரபணுக் காரணம் உண்டு. கர்ப்பிணிக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோயும், கர்ப்ப காலத்தில் எடுத்த சில ரத்த அழுத்த மாத்திரைகளும் சிலருக்குக் காரணமாகலாம். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. உங்கள் மேல் பழி போடும் உறவினர்களிடம் மருத்துவரே இப்படிச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது கர்ப்ப கால ஸ்கேன் அறிக்கையைக் குழந்தை மருத்துவரிடம் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். பிரசவம் பார்த்தவரும் குழந்தையைப் பார்ப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம், தகவல் நடுவில் விட்டுப்போகும். அடுத்த ஸ்கேன் எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.