தொரை, கொளம், காத்து: மலையகப் பேச்சில் ஒலி மாறும் விதம்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம்.

தோட்டத்துப் பிள்ளை வகுப்பில் எழுந்து "நேத்து ஒடம்பு சரியில்ல சேர்" என்று சொன்னால், "ஒழுங்காப் பேசு" என்று அதட்டுகிற வழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அந்த அதட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தப் பிள்ளை வாய்க்கு வந்தபடி பேசவில்லை. நேத்துக்கும் ஒடம்புக்கும் பின்னால் விதி இருக்கிறது. அதைக் காட்டத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

துரை எப்படித் தொரை ஆனார்? குளம் கொளம் ஆகிறது. குடை கொடை ஆகிறது. துணை தொணை ஆகிறது. ஆனால் துணி துணியாகவே இருக்கிறது. குளிர், குருவி எதுவும் மாறவில்லை. 'கொளிர்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அங்கே அகரமோ ஐகாரமோ வந்தால்தான் முன்னால் நிற்கும் உகரம் ஒகரமாகிறது. அகரத்துக்கு நாக்கு நன்றாகக் கீழே இறங்க வேண்டும்; அந்த இறக்கம் உகரத்திலேயே தொடங்கிவிடுகிறது. இகரத்துக்கும் இதே கதைதான். இலை எலையாகும், இடம் எடமாகும். இடியும் கிளியும் அப்படியே இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். நடுவில் மெய் இரட்டித்து நின்றால் மாற்றம் அங்கேயே தடைபடும். குப்பை குப்பைதான், குட்டை குட்டைதான். இத்தனை நுணுக்கமான விதியை எந்தத் தாயும் பிள்ளைக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு வாசலில், விளையாடுகிற சின்னப் பிள்ளை அதைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறது.

அடுத்து 'அஞ்சு'. இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் வரும் தகரம் சகரமாகும். ஐந்து அஞ்சு, படித்து படிச்சு, வைத்து வச்சு. முன்னால் உகரம் இருந்தால் ஆகாது: கொடுத்து என்பதை யாரும் 'கொடுச்சு' என்பதில்லை. அஞ்சு என்பது கொச்சை என்று நினைப்பவர்கள் தேவாரத்தில் வரும் அஞ்செழுத்தை நினைத்துப் பார்க்கட்டும். கோயிலில் பாடும்போது கைகூப்புகிறோம், வகுப்பில் பிள்ளை சொன்னால் திருத்துகிறோம். இது நியாயமில்லை.

இந்தச் சகரத்தின் கதை இன்னும் பழையது. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. நாம் சேரி என்பதை அவர்கள் கேரி என்கிறார்கள். மூல ஒலி ககரம்தான். கன்னடம் அதைக் காத்து வைத்திருக்கிறது, தமிழ் மாற்றிக்கொண்டது. இகர, எகரம் போன்ற முன் உயிர்களைச் சொல்லும்போது நாக்கு முன்னே வருகிறது. ககரத்தையும் கூடவே முன்னுக்கு இழுத்துவிடுகிறது. அப்படியானால் கேள், கிளி, கிழங்கு, கெடு எல்லாம் ஏன் சகரமாகவில்லை? அவற்றில் அடுத்து வருவன ள, ழ, ட. நாக்கைப் பின்னால் வளைத்துச் சொல்லும் ஒலிகள். வரப்போகும் அந்த வளைவு நாக்கை முன்னே போகவிடாமல் பிடித்துக்கொண்டது. எழுத்தே இல்லாத காலத்தில் நடந்த மாற்றத்துக்கு இப்படி ஒரு காரணம் சொல்ல முடிகிறது என்பது, எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத்தான்.

கன்னடத்திலும் மாற்றங்கள் உண்டு. பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்தோடுதான் இருந்தன. நாம் கடைத்தெருவில் தினமும் கேட்கும் சிங்களத்தில் சகரம் ஹகரமாகியிருக்கிறது. நாலு என்பதற்கு ஹதர என்கிறார்கள். ஏட்டு வழக்கில் சதர என்பதும் உயிரோடு இருக்கிறது. சந்திரன் என்ற சொல் அங்கே சந்த ஆகி, பிறகு ஹந்த ஆகிவிட்டது. வடமொழியில் ஏழுக்குச் சப்த; கிரேக்கத்தில் ஹெப்தா. ஒன்றோடொன்று பேசிப் பழகாத மொழிகள் ஒரே வழியில் போயிருக்கின்றன. வாயும் நாக்கும் எல்லோருக்கும் ஒன்றுதானே.

எழுத்துகள் இடம் மாறுவதும் உண்டு. நம் பெரியவர்கள் மதுரையை மருதை என்பார்கள், குதிரையைக் குருதை என்பார்கள். தசையும் சதையும் இப்படி ஆனவைதான். அதற்கு இலக்கணப்போலி என்று பெயர் வைத்து ஏற்றுக்கொண்டோம். லைன் என்ற ஆங்கிலச் சொல் லயன் ஆகி, லயம் ஆனதும் புதிதல்ல. நலம் நலன், நிலம் நிலன் என்று இறுதியில் மகரமும் னகரமும் மாறி வருவதை நன்னூல் அறிந்திருக்கிறது.

சரி, நேத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தார் காற்று என்று சொல்லும்போது அந்த ற்ற தனி ஒலியாகவே கேட்கும். நுனிநாக்கு பல்லுக்கு மேலே, ஈறில் படும். திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்த நம் முன்னோர் பேச்சில் அது த்த ஆகிவிட்டது. ஆகவே நம் பிள்ளைக்குக் காத்தும் பத்தும் காதில் ஒன்றுதான். எழுதும்போது தடுமாறுவது அதனால்தான். பேச்சை மட்டம் தட்டாமல் எழுத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. 'சோத்துல' என்று எழுதுகிற பிள்ளையிடம், தனியாகச் சொன்னால் என்ன சொல்வாய் என்று கேளுங்கள். சோறு என்று சொல்லும். அங்கே று இருக்கிறது, ஆகவே சோற்றில். கிணறு, கிணற்றில். வயிறு, வயிற்றில். லொறியில் ஏறுகிறோம், ஆகவே கொழுந்தை ஏற்றுகிறோம். முத்து, சொத்து, பத்து என்பவற்றுக்கு இப்படி ஒரு று கிடைக்காது; அங்கே த்த போதும். காற்று, நேற்று, வெற்றிலை போன்றவற்றில் பிள்ளைக்கு இந்த வழி கைகொடுக்காது. அவற்றை ஒரு தாளில் பெரிதாக எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.