டிராமா செலக்‌ஷனும் அப்பாவின் செருப்பும்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி நாடகத்துக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள், மாணவர்கள் அதற்கு எப்படித் தயாராகலாம் என்று பேசச் சொன்னார்கள். இப்போது பிள்ளைகள் இதை ஆடிஷன் என்கிறார்கள். நாங்கள் படித்தபோது செலக்‌ஷன். ‘டிராமா செலக்‌ஷன், மாலை 3.45, பழைய ஹால்’ என்று நோட்டீஸ் போர்டில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். என்ன நாடகம், எத்தனை வேடம் என்பதெல்லாம் அங்கே போன பிறகுதான் தெரியும்.

நான் படித்தது மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில். பெண்கள் கல்லூரி நாடகத்தில் ஒரு சிக்கல் உண்டு. கையில் கிடைக்கிற நாடகங்களில் பாதிக்கு மேல் ஆண் வேடம். வரிசையில் நிற்பதோ அத்தனை பேரும் பெண்கள். ஆகவே எங்கள் செலக்‌ஷனில் முதல் கேள்வியே, மீசை யாருக்கு என்பதுதான்.

இது ஒன்றும் புதிதில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் சபைகளில், அதாவது சிறுவர் நாடகக் குழுக்களில், பையன்கள்தான் எல்லா வேடமும் கட்டினார்கள், பெண் வேடம் உட்பட. பாடத் தெரிந்தால்தான் அங்கே இடம். வயது வந்து மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் நேற்றுவரை கதாநாயகியாக நின்ற பையன் இன்று என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பான். அந்தக் காலத்திலேயே இதைத் திருப்பிப் போட்டவர்களும் உண்டு. கும்பகோணம் பாலாமணி அம்மையார் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தினார். 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் சினிமாவில் நந்தனாராகவே நடித்துவிட்டார். எங்கள் மீசைக்கு அவர்கள்தான் முன்னோடி. என்ன, எங்களுடையது கண் மையில் வரைந்தது. இரண்டாவது காட்சியிலேயே வியர்வையில் கரைந்து உதட்டுக்கு இறங்கிவிடும்.

முதல் வருடம் நான் தேறவில்லை. வெள்ளைக்காரனிடம் வரி கொடுக்க மாட்டேன் என்று கர்ஜிக்கிற அந்த சினிமா வசனம் உங்களுக்குத் தெரியும். அதை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. நாடகம் போடும் பேராசிரியை மட்டும் தட்டவில்லை. “இதையே பக்கத்துல ஒரு கைக்குழந்தை தூங்குதுன்னு நினைச்சுச் சொல்லும்மா” என்றார். எனக்குச் சத்தத்தைக் குறைக்கத்தான் தெரிந்தது. சத்தம் குறைந்ததும் கோபமும் சேர்ந்து காணாமல் போய்விட்டது. “சரி, நீ பிராம்ப்டிங் பாரு” என்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்க, மேடை ஓரத்தில் சைடு விங்கில் கையில் ஸ்கிரிப்ட்டோடு நிற்க வைத்துவிட்டார்கள். அன்று ஹாஸ்டலுக்குப் போய் அழுதேன், உண்மைதான். ஆனால் இரண்டு மாதம் அங்கே நின்றதில் ஒன்று பிடிபட்டது. யார் வசனத்தை மறக்கிறார்கள் என்றால், எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்காமல் தன் முறைக்காகக் காத்திருப்பவர்கள்.

இரண்டாம் வருடம் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் வேடத்துக்குப் பத்துப் பேர் நின்றோம். பத்துப் பேரும் குரலைக் கனமாக்கி, காலை அகட்டி, இல்லாத மீசையை முறுக்கினோம். பேராசிரியை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, “உங்க அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் செருப்பை எப்படிக் கழற்றுவார்? பேசாம அதை மட்டும் செய்” என்றார்.

அப்பா அதை எப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதுவரை யோசித்ததில்லை. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வார். குனிய மாட்டார். ஒரு காலின் கட்டை விரலால் மற்ற செருப்பின் குதிகாலை மிதித்து உருவுவார். உருவிய செருப்பைக் காலாலேயே சுவரோரம் தள்ளுவார். அப்புறம் ஒரு பெருமூச்சு, “தண்ணி கொண்டா” என்பதற்கு முன்னால் வருகிற மூச்சு. செய்து காட்டினேன். ஹாலில் யாரோ சிரித்தார்கள், ஆனால் அது கேலிச் சிரிப்பு இல்லை. மறுநாள் நோட்டீஸ் போர்டில் என் பெயர் இருந்தது.

இப்போது நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். வருடா வருடம் அறுபது, எழுபது பிள்ளைகள் வருகிறார்கள். எட்டுப் பேரைத்தான் எடுக்க முடியும். டெல்லியில் தேசிய நாடகப் பள்ளியில் கடைசிக் கட்டத் தேர்வையே பல நாள் பட்டறையாக வைக்கிறார்கள். நமக்குக் கிடைப்பது ஆளுக்கு மூன்று நிமிடம். அதனால் மனப்பாடம் செய்த வசனத்தை நான் கேட்பதில்லை. இரண்டு பேரை நிறுத்தி ஒரு சூழ்நிலையைச் சொல்லிவிடுவேன்.

போன தடவை சொன்னது இது: கடைசி டவுன் பஸ், ஒருவர் கண்டக்டர், இன்னொருவர் பயணி, பயணியிடம் இருப்பது ஐந்நூறு ரூபாய் நோட்டு மட்டும். கண்டக்டராக நின்ற மாணவி எடுத்த எடுப்பிலேயே கத்த ஆரம்பித்தாள். நன்றாகவே கத்தினாள். பயணியாக நின்றவள் பதிலே பேசவில்லை. பர்ஸின் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தாள், சில்லறை இல்லை என்று தெரிந்தும் இன்னொரு தடவை பார்த்தாள், பக்கத்து சீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். கடைசியில் டிக்கெட்டை நீட்டி, “பின்னால எழுதிக் குடுத்துருங்கண்ணே, இறங்கும்போது வாங்கிக்கிறேன்” என்றாள். அந்த ஒரு வரியில் கண்டக்டருக்குக் கத்துவதற்கு எதுவுமில்லாமல் போய்விட்டது. யாருக்கு இடம் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கத்திய பெண்ணையும் விடவில்லை. “இதையே, உங்களுக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்குன்னு வைச்சு இன்னொரு தடவை செய்யுங்க” என்றேன். இரண்டாவது தடவை வேறு ஆளாக நின்றாள். அவளையும் எடுத்துக்கொண்டேன். சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொள்கிறவர்களோடுதான் இரண்டு மாதம் ஒத்திகை நடத்த முடியும்.

வாசிக்கக் காகிதம் கொடுத்தால் அதை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், மார்புக்குக் கீழே வையுங்கள். வரியின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது, அதை விழுங்கினால் வந்தானா, வரவில்லையா என்றே தெரியாது. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியிலும் நாடகத்துக்குக் குரல் தேர்வு உண்டு. அங்கே முகம் உதவாது. காகிதம் சலசலத்தால் அதுவும் மைக்கில் விழும்.

இன்னொன்று, எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்காது. பெண் பிள்ளைகள் தேர்வாவதற்கு முன்னால் வீட்டில் பேசிவிடுங்கள். நல்ல வேடம் கிடைத்து, ஒத்திகை மாலை ஆறு மணி வரைக்கும் என்று தெரிந்ததும் மறுநாள் கண் கலங்கி வந்து நிற்கிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அதனால் ஒத்திகை நாள், நேரம், யார் கூட இருப்பார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். அந்தக் காகிதத்துக்குப் பல வீடுகளில் மதிப்பு இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் முதலில் முகம் சுளித்தார்கள். ஆனாலும் கல்லூரி நாள் அன்று அப்பாவும் அம்மாவும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துச் செருப்பைக் கழற்றிப் பெருமூச்சு விட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஒன்றும் பேசவில்லை, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மாதான் என் காதருகே வந்து சொன்னாள்: “எல்லாம் சரிடி. அவர் இடது செருப்பைத்தான் முதல்ல கழற்றுவார். நீ வலதைக் கழற்றின.”

வணக்கம்.