கெய்லீ கேட்ட காயிலும் வராமல் போன ரெண்டாவது சீசனும்

வணக்கம் மக்களே! சேலம், ஏற்காடு அடிவாரத்துலருந்து பேசுறேன். பின்னாடி வண்டிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க. இன்னைக்கு 'ஃபயர்ஃபிளை'. 2002ல வந்த அமெரிக்க டிவி தொடர். ஸ்பேஸ் வெஸ்டர்ன், அதாவது விண்வெளியில நடக்கற கவ்பாய் கதை. எடுத்தது 14 எபிசோடு, ஃபாக்ஸ் சேனல்ல ஓடுனது 11தான். ரெண்டாவது சீசன் வந்திருந்தா கதை எந்தப் பக்கம் போயிருக்கும்?

இந்தக் கேள்வி வந்தாலே யாரு யாரைக் கட்டிக்குவா, யாரு சாவாங்கறதுலதான் பேச்சு ஆரம்பிக்குது. ஸ்பேஸ் வெஸ்டர்னுக்கு அது சரிவராதுங்க. கப்பல்ல எது தீர்ந்துபோச்சு, எதை வாங்கக் காசில்லை, அதைக் குறிச்சு வைங்க. கதை அங்கதான் போகும்.

இவங்க விண்கப்பல் பேரு செரினிட்டி. அது போர்க்கப்பல் கிடையாது. சங்ககிரியில ஒத்த லாரி வச்சு ஓட்டுறவங்க கணக்குதான் அதுக்கும். லோடு கிடைச்சா டீசல், வாடகை கைக்கு வந்தா டயர். முதல் எபிசோடுல, பெர்சிஃபோன்ங்கற கிரகத்துல எறங்குனதும் மெக்கானிக் கெய்லீ கேப்டன் மால்கிட்ட எஞ்சினுக்கு ஒரு கம்ப்ரெஷன் காயில் கேக்குறா. அவரு, மொதல்ல பயணிங்களப் புடிச்சுட்டு வாங்கறாரு. காயில் போச்சுன்னா நடுவானத்துல அப்படியே மிதப்போம்னு அவ சொல்றா. போகாம இருந்தா சரிங்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டு அவரு நகர்ந்துடுறாரு. சில நொடிதான் அந்த சீன். அடிவாரத்துல கிளீனர், "பிரேக் லைனிங் தேஞ்சிருக்குண்ணே"ங்கறான், டிரைவர், "இந்த ட்ரிப் முடியட்டும்டா"ங்கறாருன்னு வைங்க. 20 கொண்டை ஊசி வளைவுல எறங்கறப்ப ஏதோ ஒண்ணுல அந்த வார்த்தை திரும்பி வந்து நிக்கும்.

எட்டாவது எபிசோடு, 'அவுட் ஆஃப் கேஸ்'ல வந்து நிக்குது. அதே காயிலோட கேட்டலைசர் வெடிக்குது. எஞ்சின் ரூம்ல தீ, மூச்சுக்காத்து சில மணி நேரத்துக்குத்தான். மத்தவங்க எல்லாரும் ரெண்டு ஷட்டில்ல கிளம்பிப் போக, மால் மட்டும் தனியா. அந்தப் பக்கம் வந்த ஒரு கப்பல்காரங்க பாகத்தைக் குடுக்கறதுக்குப் பதிலா அவரைச் சுட்டுடுறாங்க. துப்பாக்கி காட்டி அதை வாங்கி, ரத்தம் வழிய வழிய எஞ்சின்ல மாட்டுறாரு.

இதுல சேனல் பண்ணின தப்பு என்னன்னா, முதல் எபிசோடை 2002 டிசம்பர் 20ல, கடைசியாப் போட்டாங்க. 'அவுட் ஆஃப் கேஸ்' அதுக்கு முன்னாடியே அக்டோபர்ல வந்துடுச்சு. வெடிச்சது முன்னாடி, எச்சரிக்கை பின்னாடி. அன்னைக்கு டிவியில பார்த்தவங்களுக்கு இந்த முடிச்சு தெரிய வழியே இல்லை. அதனால டிவிடி வரிசையிலதான் பாருங்க. கப்பல் பேரையே வச்ச முதல் எபிசோடு 'செரினிட்டி' முதல்ல, 'அப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' கடைசியில.

இப்ப இன்னும் தீராத பாக்கிக்கு வருவோம். பெரிய பாக்கி சாப்பாடு. முதல் எபிசோடுல இவங்க கடத்துற சரக்கு பார்க்கத் தங்கக் கட்டி மாதிரி இருக்கும். மேல் தாளை உரிச்சா உள்ள இருக்கறது உணவு. ஒரு கட்டி ஒரு குடும்பத்துக்கு ஒரு மாசம் வரும். பாதிரியார் புக் பயணக் கட்டணத்தோட சேர்த்து ஸ்ட்ராபெர்ரி குடுக்கறாரு, அதைக் கடிக்கறப்ப கெய்லீ முகத்தைப் பாருங்க. அந்த உலகத்துல தீனிதான் காசு.

அந்தத் தீனி டப்பாவுல யாரு பேரு? ப்ளூ சன்ங்கற கம்பெனி. அரசாங்கத்துக்கிட்டருந்து தப்பி, அண்ணனோட இந்தக் கப்பல்ல ஒளிஞ்சிருக்கற பொண்ணு ரிவர். 'ஷிண்டிக்' எபிசோடுல அவ டப்பா லேபிளையெல்லாம் கிழிச்சுப் போடுறா. 'ஏரியல்'ல கத்தியால, கப்பல்ல கூட இருக்கற ஜெய்ன் நெஞ்சைக் கீறுறா. அவன் பனியன்ல இருக்கறதும் ப்ளூ சன் சின்னம்தான். கூட இருக்கறவங்க சித்தம் கலங்கிடுச்சுன்னு நெனச்சுட்டாங்க. அவ ஒரே ஆளைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுறா.

அதனால என் ஊகம் இது. ரிவரைத் தேடி வர்ற, நீலக் கையுறை போட்ட ரெண்டு பேரும் வெறும் கூலிக்காரங்க. ரெண்டாவது சீசன்ல உண்மையான எதிரி துப்பாக்கியோட வந்திருக்க மாட்டான், லோடாத்தான் வந்திருப்பான். ஓரத்துக் கிரகம் ஒண்ணுல பஞ்சம், சரக்கு ப்ளூ சன் கையில, மாலுக்குக் கையில காசில்லை. அந்த வாடகையை அவரு ஒத்துக்குவாரு. பெட்டி கப்பல்ல ஏறுன அன்னைக்கே ரிவர் சாப்பாட்டைத் தொட மாட்டா. அண்ணன் சைமனுக்கு மட்டும்தான் அது உறைக்கும்.

புக் விஷயம் வேற மாதிரி. அவருகிட்ட இருக்கற அடையாள அட்டையும் ஒரு கையிருப்புதான். 'சேஃப்'ல அவருக்குக் குண்டு பட்டு, அலையன்ஸ், அதாவது அரசாங்கத்தோட கப்பல் மொதல்ல முகம் குடுக்காது. அட்டையைப் பார்த்ததும் பேச்சே மாறிடும். முதல் எபிசோடுல அரசாங்க ஏஜென்ட் டாப்சனை அவரு மடக்குற வேகம், 'வார் ஸ்டோரீஸ்'ல முட்டியாப் பார்த்துச் சுடுறது, எதுவுமே சாமியார் பண்ற வேலை இல்லை. 2010ல வந்த காமிக்ஸ்ல அந்தப் பேரே அவரோடது இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா அட்டையை நீட்டுற ஒவ்வொரு தடவையும் எங்கயோ ஒரு பதிவு விழும். ரிவரைக் காப்பாத்த இன்னொரு தடவை நீட்டுவாரு, அதே பதிவைப் புடிச்சு ஆளுங்க தேடி வருவாங்கன்னுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். தொடரோட தொடர்ச்சியா வந்த 2005 படத்துல அதுக்கு எடமே இல்லாம அவரை முடிச்சுட்டாங்க. இன்னைக்கும் மனசு ஆறல.

கப்பல்ல ஒரு ஷட்டிலை வாடகைக்கு எடுத்திருக்கற இனாராவோட ஊசிப் பெட்டி முதல் எபிசோடுல ஒரு தடவை தெறக்குது. அவளுக்குத் தீராத நோய்னு நடிச்ச மொரேனா பக்காரினே பின்னாடி சொல்லிட்டாங்க. பதிமூணாவதுல அவ கிளம்பறேன்னு சொல்றதை அதோட சேர்த்துப் பாருங்க, வேற அர்த்தம் வரும்.

ராத்திரி 'ஷிண்டிக்' போட்டு, ரிவர் டப்பா கிழிக்கற எடத்துல நிறுத்துங்க. அவ முகத்தை விட்டுட்டு, கையில இருக்கற லேபிளை மட்டும் பாருங்க.