எட்டுகிற சுரமும் குடியிருக்கிற சுரமும்: டர்பனிலிருந்து ஒரு சோப்ரானோ பேச்சு

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பேசுகிறேன். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு மாடி அறை இது, பின்னால் தெரிவது என் பழைய கீபோர்டு. வெளியே ஹடீடா பறவைகள் கத்திக்கொண்டிருக்கின்றன. சாயங்காலம் ஆனால் அவை ஓயாது. ஜன்னலைச் சாத்திவிட்டேன், அப்படியும் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு இந்த வீட்டில் பெரிய வாக்குவாதம். மாதம் ஒருமுறை ஆறேழு பேர் கூடி ஓபரா, அதாவது மேற்கத்திய இசை நாடகம், கேட்போம், தெரியும் இல்லையா? இந்த முறை பாதிகூடக் கேட்கவில்லை. காரணம் என் அண்ணன் மகள். அவளுக்கு 19 வயது. அடுத்த மாதம் இசை படிக்கத் தேர்வுக்குப் பாட வேண்டும். "அத்தை, நான் டோஸ்கா பாட்டுப் பாடப் போகிறேன்" என்றாள். புச்சினியின் 'டோஸ்கா' ஓபராவில் நாயகி டோஸ்கா பாடும் 'விஸ்ஸி தார்தே'. பெரியப்பா உடனே கைதட்டினார். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

பெரியப்பா பள்ளியில் முப்பது வருடம் பாட்டுக் குழுவை நடத்தியவர். அவர் சொன்னது இது: "அந்தப் பாட்டில் உச்சம் பி ஃபிளாட் என்ற சுரம். இவளுக்கு அது சுலபமாக எட்டுகிறது. அப்புறம் என்னம்மா தடை?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஓபரா கேட்க ஆரம்பித்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்: சோப்ரானோ என்றால் உயரமாகப் பாடும் பெண், இன்னும் உயரமாகப் பாடினால் இன்னும் பெரிய சோப்ரானோ. அது அப்படி இல்லை என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நம் கச்சேரிக் கணக்கிலிருந்தே வருகிறேன். ஐந்து கட்டையில் பாடும் பாடகியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மத்திய ஸ்தாயி ச ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். மேல் ச 392. மேல் ஸ்தாயி பஞ்சமத்தைப் பிடித்து நின்றால் 588, சபை கைதட்டும். சோப்ரானோவின் புகழ்பெற்ற 'ஹை சி' 1046 ஹெர்ட்ஸ். நம் பாடகியின் உச்சிக்கு மேல் இன்னும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இருக்கிறது. நம் உச்சி, சோப்ரானோவுக்கு வாசற்படி. அந்த வாசற்படியில், ஈ, எஃப் சுரங்களுக்குப் பக்கத்தில், குரல் இடம் மாறும். மார்பிலிருந்து வரும் கனம் குறைந்து தலைக்குள் ஒலிக்கத் தொடங்கும். ஆசிரியர்கள் உன்னிப்பாகக் கேட்பது அந்த இடத்தைத்தான். எந்தச் சுரத்தில் மாறுகிறது, மாறும்போது தடுமாறுகிறதா, மாறிய பிறகு குரல் விரிகிறதா மெலிகிறதா.

என் மாமியார் எப்போதும் சொல்லும் குறைக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. "நன்றாகத்தான் பாடுகிறாள், ஒரு சொல்கூடப் புரியவில்லையே" என்பார். பாடுகிறவர் மேல் தப்பில்லை. இகரத்தையும் உகரத்தையும் அடையாளம் காட்டும் ஒலிகளில் முதலாவது சுமார் 300 ஹெர்ட்ஸில் இருக்கிறது. பாடும் சுரமே 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விட்டால் 'இ'யும் 'உ'வும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். யார் பாடினாலும் அப்படித்தான் கேட்கும்.

சரி, வகைகளுக்கு வருகிறேன். நம்மிடமே இதற்குச் சொற்கள் இருக்கின்றன. பிருகா சாரீரம் என்கிறோம், கனத்த சாரீரம் என்கிறோம். ஜி.என்.பி. மாதிரி மின்னல் வேகத்தில் உருளும் குரலையும், ஒரே சுரத்தில் அசையாமல் நின்று கூடத்தை நிறைக்கும் குரலையும் நாம் ஒன்றாக வைப்பதில்லை. ஓபராக்காரர்கள் அதையே பெயர் வைத்துப் பிரித்தார்கள். வேகமாக உருண்டு உச்சியில் விளையாடும் குரல் கொலரத்தூரா. நீண்ட வரியை இழைத்துப் பாடும் குரல் லிரிக். லிரிக்கின் மென்மையும் தேவைப்படும்போது பாயும் வலுவும் சேர்ந்தது ஸ்பிண்டோ. தள்ளப்பட்டது என்று பொருள்படும் இத்தாலியச் சொல் அது. டோஸ்கா, வெர்டியின் ஐடா போன்ற நாயகிகள் எல்லாம் அங்கே. வாக்னரின் ப்ரூன்ஹில்டே, புச்சினியின் தூராந்தோத் போன்ற பாத்திரங்களைப் பாடும் பெரிய டிராமாட்டிக் குரல்கள் இன்னொரு உலகம், அவற்றுக்குத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன்.

கொலரத்தூரா என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது மொசார்ட்டின் 'மாயக் குழல்', 1791. இரவின் அரசி தொடும் உச்ச சுரம் எஃப், கிட்டத்தட்ட 1400 ஹெர்ட்ஸ். மொசார்ட் அதை எழுதியது தன் மனைவியின் அக்கா ஜோசபா ஹோஃபருக்காக. இப்போது டர்பன்காரர்கள் கவனியுங்கள். 1956இல் வியன்னாவின் அரசு ஓபரா அரங்கான ஸ்டாட்ஸ்ஓப்பரில் இரவின் அரசியாக அறிமுகமானவர் மிமி கூட்ஸே. 1932இல் நம் டர்பனில் பிறந்தவர். இருபது வருடத்துக்கு மேல் அந்த மேடையில் பாடினார். அது நிறவெறிச் சட்டக் காலம், அதே ஊரில் வளர்ந்த எங்கள் ஆயா தலைமுறைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஆனாலும் அவருடைய பழைய ஒலிப்பதிவைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஊர்க் கடற்காற்றில் பிறந்த தொண்டை என்று எனக்குச் சிலிர்க்கும்.

அடுத்து இன்னொரு தென்னாப்பிரிக்க சோப்ரானோ, பிரெட்டி யெண்டே. 1985இல் பிறந்தவர், பீட் ரெட்டீஃப் ஊரை ஒட்டிய தாண்டுகுகான்யா குடியிருப்பில் வளர்ந்தவர். 16 வயதில் டிவியில் ஒரு விமான நிறுவன விளம்பரத்தில் இரண்டு பெண் குரல்கள் சேர்ந்து பாடுவதைக் கேட்டார். மறுநாள் பள்ளி ஆசிரியரிடம் இது என்ன என்று கேட்டார். ஓபரா என்றார் ஆசிரியர். அந்தப் பாட்டு டெலீப்பின் 'லக்மே'யில் வரும் மலர் டூயட்.

இந்த லக்மேயில் நம் ஆட்கள் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1883இல் பாரிஸில் அரங்கேறியது, கதை நடப்பது இந்தியாவில். நாயகியின் அப்பா பெயர் நீலகண்டன். அவள் தனியாகப் பாடும் மணிப் பாட்டு, உலகத்திலேயே கடினமான கொலரத்தூரா பாட்டுகளில் ஒன்று. யாரைப் பற்றிய பாட்டு? காட்டில் போகும் ஒரு பரியா பெண்ணைப் பற்றி. அந்தச் சொல் பிரெஞ்சுக்காரர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? பறையர் என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்துதான், போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பறை என்ற இசைக்கருவியின் பெயரிலிருந்து வந்த பெயர் அங்கே போய் ஒதுக்கப்பட்டவர் என்று மட்டும் பொருள் தருவது எனக்கு வலிக்கிறது. ஆனால் பாட்டில் அந்தப் பெண்தான் தன் மணிக்கோலை ஆட்டிக் காட்டு மிருகங்களை மிரட்டி விஷ்ணுவைக் காப்பாற்றுகிறாள். அவள் மணியோசையைத்தான் குரல் ஈ சுரம் வரை ஏறி ஒலித்துக் காட்டுகிறது. கட்டாயம் கேளுங்கள்.

யெண்டேவைப் பற்றித்தான் எங்கள் கூட்டத்தில் அடுத்த சண்டை. 2011இல் ஒபராலியா என்ற உலகப் பாட்டுப் போட்டியில் வென்றவர், 2013இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் ரோசினி பாத்திரத்தில் அறிமுகமானவர். தொடக்கமெல்லாம் லேசான, வேகமான பாத்திரங்கள். பிறகு வெர்டியின் 'லா திராவியாத்தா'வில் நாயகி வியோலெத்தாவாகப் பாட ஆரம்பித்தார். ஒரு நண்பர் இது குரலுக்கு மீறிய பாரம் என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வியோலெத்தா ஒரே குரலுக்கு எழுதிய பாத்திரமே இல்லை. முதல் அங்கத்தில் பிருகா வேண்டும். முடிவில் பலர் பாடும் ஈ ஃபிளாட் வெர்டி எழுதியதே கிடையாது, பாடகிகள் சேர்த்த பழக்கம். இரண்டாம் அங்கத்தில் காதலனின் அப்பா வந்து என் மகனை விட்டுவிடு என்று கேட்கும்போது நீண்ட மூச்சு வேண்டும், நடுக்குரலில் ஈரம் வேண்டும். மூன்றாவதில் சாகக் கிடக்கிறாள், கடிதத்தைப் பேச்சாகவே படிக்கிறாள். மூன்றையும் முழுதாகக் கொண்டு பிறந்தவர் யார்? ஒவ்வொருவரும் ஒரு பக்கத்திலிருந்து உள்ளே நுழைகிறார்கள். யெண்டே முதல் அங்கத்தின் பக்கமிருந்து வருகிறார். நுழையலாம்.

"அப்படியென்றால் வகை எதற்கு?" என்று பெரியப்பா கேட்டார். நல்ல கேள்வி. 1831ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் பெல்லினியின் 'லா சொன்னாம்புலா', டிசம்பரில் அவருடைய 'நோர்மா'. இரண்டிலும் முதலில் பாடியது ஜூதித்தா பாஸ்தா என்ற ஒரே பெண். இன்றைக்கு முதலாவதை லேசான குரலுக்கும் இரண்டாவதைக் கனத்த குரலுக்கும் கொடுக்கிறோம். 1949 ஜனவரியில் மரியா காலஸ் வெனிஸில் ப்ரூன்ஹில்டே பாடிக்கொண்டிருந்தபோதே, உடம்பு சரியில்லாத பாடகிக்குப் பதிலாக, சில நாளில் கற்றுக்கொண்டு பெல்லினியின் 'ஐ பூரித்தானி'யில் லேசான குரலுக்கான எல்வீரா பாத்திரத்தைப் பாடினார். இரும்புத் தூணைத் தூக்கியவர் உடனே ஊசியில் நூல் கோத்த மாதிரி.

ஆனால் காலஸ் செய்ததைக் காட்டி 19 வயதுக்காரிக்கு வழி சொல்லக் கூடாது. ஜெர்மானிய அரங்குகளில் குரலுக்கு 'ஃபாக்' என்று வகை குறித்து ஒப்பந்தம் போடுகிறார்கள். அதைக் கூண்டு என்று பலர் திட்டுகிறார்கள். எனக்கு அது வேலி. மேலாளர் இளம் பாடகியிடம் நாளைக்கு இதைப் பாடு என்று கனத்த பாத்திரத்தை நீட்டும்போது, இது என் வகை இல்லை என்று சொல்ல அவளுக்குக் கையில் ஒரு தாள் இருக்கிறது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒருமுறை பட்டுவிட்டோம். இவள் சின்ன வயதில் கோயிலில் தேவாரம் பாடுவாள். காவடி நாளில் ஒலிபெருக்கிக்கு முன்னால் அடித்தொண்டையில் பாடிப் பழகியவள், பேச்சுக் குரலும் தாழ்ந்தது. முதலில் சேர்த்த ஆசிரியர் அந்தப் பேச்சுக் குரலைக் கேட்டே மெட்ஸோ, அதாவது சோப்ரானோவுக்குக் கீழே உள்ள பெண் குரல், என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டு வருடம் 'கார்மென்' ஓபராவில் மெட்ஸோ பாடும் ஹபனேரா பாட்டுதான். கீழே தள்ளித் தள்ளிப் பாடி ஒரு நாள் காலையில் குரலே இல்லை. தொண்டை மருத்துவர் ஆறு வாரம் பேசவே கூடாது என்றார். அந்த ஆறு வாரமும் அவள் எனக்கு எழுதிக் காட்டிய சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். 'அத்தை, போய்விட்டதா?' என்று ஒரு சீட்டு. அதைப் படித்த அன்று நான் சமையலறையில் போய் அழுதேன்.

இப்போதைய ஆசிரியர் முதல் பாடத்தில் பாட்டே பாட விடவில்லை. ஐந்து சுரம் மேலே, ஐந்து சுரம் கீழே, 'நு' என்று மட்டும். அரை மணி நேரம் கழித்துச் சொன்னார்: "இவள் லிரிக், லேசான பக்கம். குரல் நடுவில்தான் அழகு, உச்சிக்குப் போய்வருகிறது, அங்கே தங்கவில்லை." தங்குவது என்ற அந்தச் சொல்தான் எல்லாம். இத்தாலியர்கள் டெசித்தூரா என்பார்கள். ஒரு பாத்திரத்தின் பெரும்பகுதி எந்தச் சுரங்களில் குடியிருக்கிறதோ அது. மலை உச்சிக்கு ஏறி இறங்கியவர் எல்லாம் அங்கே வீடு கட்ட முடியாது.

டோஸ்காவை அப்படிப் பாருங்கள். 'விஸ்ஸி தார்தே' மூன்று நிமிடப் பாட்டு, அடக்கமாகத் தொடங்குவது. ஆனால் அது வருவது இரண்டாம் அங்கத்தில். அதற்குள் டோஸ்கா போலீஸ் தலைவன் ஸ்கார்பியாவோடு மல்லுக்கட்டி, பக்கத்து அறையில் காதலன் வதைபடுவதைக் கேட்டு, முழு வாத்தியக் குழுவின் மேலே மைக் இல்லாமல் கத்தியிருப்பாள். அந்தக் களைப்பும் அந்தக் கனமும் பாட்டுக்குள் இருந்தால்தான் அது டோஸ்கா. எங்கள் பெண் பாடும்போது பி ஃபிளாட் வருகிறது, கேட்கவும் இனிமைதான். ஆனால் அதற்கு முந்தைய வரியில் கழுத்து நரம்பு புடைப்பதை நான் பார்த்தேன். தாடை முன்னால் வருகிறது. தேர்வாளர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அதற்குப் பதிலாக அவளை நான் பாடச் சொன்னது மொசார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்'. சூசன்னா கடைசி அங்கத்தில் தோட்டத்தில் பாடும் 'தே வியெனி'. "வேலைக்காரிப் பாத்திரம்தானே, சின்னக் குரலுக்கு" என்றார் பெரியப்பா. இப்படிப்பட்ட துடுக்கான வேலைக்காரிப் பாத்திரங்களை சூப்ரெட் என்று ஒதுக்குவது அப்படித்தான். ஆனால் சூசன்னா நான்கு அங்கத்திலும் மேடையை விட்டு இறங்குவதே அபூர்வம், சோப்ரானோ பாத்திரங்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. இந்தப் பாட்டில் உச்ச சாகசம் எதுவும் இல்லை. இருட்டில் காற்று அசைவது மாதிரி ஆறு எட்டுத் தாளத்தில் போகும். நடுவில் குரல் மெல்லக் கீழே இறங்கி, மத்திய சிக்கும் கீழே ஏயைத் தொட வேண்டும். ஒளிந்துகொள்ள அங்கே இடமே கிடையாது.

நேற்று இரவு இதே கீபோர்டில் நான் வாசிக்க அவள் பாடினாள். அந்தக் கீழ் ஏ வந்தபோது பழைய பழக்கத்தில் அழுத்துவாளோ என்று பயந்தேன். அழுத்தவில்லை. மூச்சோடு அப்படியே வைத்தாள், கோயிலில் பாடிய அந்தப் பழைய நிறம் லேசாகத் தெரிந்தது. நான் வாசிப்பதை விட்டுவிட்டேன். அவள் தனியாகவே முடித்தாள்.

பெரியப்பா இன்னும் ஒப்பவில்லை. அதனால் வருகிற ஞாயிறு இரண்டையும் பாடச் சொல்லியிருக்கிறோம். வீட்டுக் கதவைத் திறந்து வைத்து அவள் உள்ளே நிற்பாள். பெரியப்பா தெருக் கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார், எந்தப் பாட்டு அங்கே வரைக்கும் வந்து சேருகிறது என்று கேட்பதற்கு.