குடியை நிறுத்த வந்தவரின் பள்ளிக்கூடக் கதை

வணக்கம் நேயர்களே. போதை மறுவாழ்வு மையத்தில் தங்கி ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தவர், வீட்டுக்குப் போன சில வாரங்களில் திரும்பக் குடிக்கிறார். "அவனுக்குத் திருந்த மனசில்லை" என்று சொந்தபந்தம் முடிவு கட்டிவிடும். அதற்கு முன் அவருடைய அம்மாவிடம் நான் கேட்பது: பள்ளிக்கூடத்தில் பையன் எப்படி இருந்தான்?

ஓரிடத்தில் உட்காரமாட்டான், நோட்டைத் தொலைப்பான், வாத்தியார் கேட்டு முடிக்கும் முன்பே பதிலைக் கத்துவான் என்று அந்த அம்மா அடுக்கினால், ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பலருக்கு அது சிறுவயதோடு போவதில்லை. ஓட்டம் குறையும், மனசுக்குள் பரபரப்பு நிற்காது, ஒரு வேலையில் நிலைக்க முடியாது, யோசிப்பதற்குள் கை செய்துவிடும். சிகரெட்டோ கஞ்சாவோ அந்தப் பரபரப்பைச் சற்று அடக்கியதுபோல் சிலருக்குத் தோன்றும். பழக்கம் அங்கேயே பிடித்துக்கொள்கிறது. பல நாட்டு ஆய்வுகளை 2012-இல் தொகுத்துப் பார்த்தபோது, போதைச் சிகிச்சை பெறுபவர்களில் ஏறத்தாழ 4 பேரில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு இருந்தது.

அம்மாவிடம் ஏன் கேட்கிறோம்? குடியை நிறுத்திய புதிதில் யாருக்குமே தூக்கம் கெடும், கவனம் சிதறும். அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று தெரிய வேண்டும். பழைய ரேங்க் கார்டு கிடைத்தால் கொண்டுவாருங்கள்.

சரி, மருந்து? ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், மூளையைத் தூண்டும் ஊக்க மருந்து வகை என்பதால், "போதைக்கு இன்னொரு போதையா?" என்று குடும்பத்தார் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஸ்வீடனில், விடுதலையாகவிருந்த 54 ஆண் கைதிகளிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஏ.டி.எச்.டி.யும், ஆம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் பழக்கமும் இருந்தன. ஒரு பிரிவுக்கு இந்த மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. இரண்டு பிரிவுக்கும் உளவியல் சிகிச்சை. 24 வாரங்களில், மருந்து பெற்றவர்களுக்குக் கவனம் கூடியது. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் தென்படாததும் அவர்களிடம்தான் அதிகம். 2014-இல் வெளியான முடிவு இது. எல்லோருக்கும் இம்மருந்து பொருந்தாது. இதயம், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மாத்திரை வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று தோன்றினால், ஊக்க மருந்தல்லாத அடோமாக்ஸெடின் இருக்கிறது.

"முதலில் குடியை முழுசாக விட்டுவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று இவர்களைத் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி மையத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.