திரைக்குப் பின்னால் எடுக்கும் முடிவு

வணக்கம் நேயர்களே.

இளைஞர்களுக்கு நாம் சளைக்காமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "முதலில் படி, வேலைக்குப் போ, சொந்தக் காலில் நில். உரிமை, அரசியலெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." அக்கறையில் பிறந்த பேச்சுதான். ஆனால் யாரை நம்பிப் பிழைக்கிறாயோ அவர் சொல்வதைக் கேள் என்ற கணக்கும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஒரு காலத்தில் பிரிட்டனில் தேர்தலே இந்தக் கணக்குப்படிதான் நடந்தது. 1872 வரை அங்கே வாக்காளர் தன் வேட்பாளரின் பெயரை எல்லார் காதிலும் விழும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்கு வாக்களித்தார் என்ற பட்டியலைப் புத்தகமாக அச்சிட்டு விற்றதும் உண்டு. நிலக்கிழாரின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்த குத்தகைக்காரர் நிலத்தை இழந்தார். உரிமை சட்டத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்தத்தான் தைரியம் போதவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1856-லேயே ரகசிய வாக்கெடுப்பு வந்துவிட்டது. பிரிட்டனுக்கு அது வந்து சேர மேலும் 16 ஆண்டுகள் ஆயின. அங்கே நாடாளுமன்றத்துக்கு நடந்த முதல் ரகசிய வாக்கெடுப்பு, 1872 ஆகஸ்டில் பான்டிஃப்ராக்ட் தொகுதியின் இடைத்தேர்தல். வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க, அதிமதுர மிட்டாயில் குத்தும் அச்சை எடுத்து வந்தார்களாம்! ரகசிய வாக்குக்கு எதிர்ப்பும் பலமாக இருந்தது. வாக்கு என்பது பொறுப்பு, அதை நாலு பேர் பார்க்கச் செலுத்தினால்தான் ஒழுங்காகச் செலுத்துவார்கள் என்றார்கள். தனிமனித சுதந்திரத்துக்காக வாதாடிய அறிஞர்களிலும் சிலர் அப்படி நினைத்தார்கள்.

இந்த வாதத்தை நீங்கள் வேறெங்காவது கேட்டிருக்கிறீர்களா? நான் வீடுகளில் கேட்டிருக்கிறேன். "மறைக்க ஒன்றும் இல்லையென்றால் போனைக் காட்ட வேண்டியதுதானே?" என்று கேட்பதும் இதே வாதம்தான்.

பதினேழு, பதினெட்டு வயதில் ஒருவருக்குச் சொந்த வருமானம் இருப்பது அபூர்வம். தங்கும் இடம், படிப்புச் செலவு, கைச்செலவு எல்லாம் பிறர் தயவு. பழைய குத்தகைக்காரரின் நிலைக்கு இது ரொம்பத் தூரமில்லை. அதனால்தான் சுதந்திரம் மற்ற யாரையும்விட இளைஞருக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. பணமும் செல்வாக்கும் உள்ளவர் சட்டம் கைவிட்டாலும் எப்படியாவது சமாளித்துக்கொள்வார். இளைஞருக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு கருத்து உள்ளுக்குள் உருவாகும்போது முதலில் அரைகுறையாகத்தான் இருக்கும். இன்று ஒன்றை நம்பி நாளை கைவிடுவதும், நாட்குறிப்பில் எழுதிவிட்டு அடித்துவிடுவதும், நண்பரிடம் வாதாடித் தோற்பதும் அந்த வயதின் வேலை. ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்க ஒருவர் பக்கத்தில் நின்றால், பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டு, எதைச் சொன்னால் பிரச்சினை வராது என்று கற்றுக்கொள்ளும். அப்படி வளர்ந்தவர் பின்னாளில் மேலதிகாரியிடமும் ஆட்சியாளரிடமும் அதையேதான் செய்வார். ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் நியாயமின்றித் தலையிடக் கூடாது என்கிறது. அதே உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, அவர்களைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்களுடைய கருத்துக்கு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்புத் தரச் சொல்கிறது. இரண்டும் ஒரே ஆவணத்தில் இடம்பெற்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெற்றோரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. திருத்தவே முடியாத தவறுகள் உண்டு. அங்கே குறுக்கே நிற்கத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பாடம் படிப்பது, எதை வாசிப்பது, எந்தக் கருத்தை ஏற்பது எல்லாம் அந்த வகையில் சேருமா? "பொறுப்பு வரட்டும், பிறகு சுதந்திரம் தருகிறேன்" என்கிறோம். முடிவெடுக்கவே விடாமல் பொறுப்பு எங்கிருந்து வரும்?

அரசியல் அப்புறம் என்பதற்கும் வருவோம். அரசியல் அப்படிக் காத்திருப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு, கறுப்பின மாணவர்கள் பாதிப் பாடங்களை வெள்ளை ஆட்சியாளர்களின் மொழியான ஆஃப்ரிகான்ஸில் படிக்க வேண்டும் என்று 1974-இல் உத்தரவிட்டது. 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது. வகுப்பறையில் எந்த மொழி என்பதைவிடச் சொந்த விஷயம் ஒரு மாணவருக்கு என்ன இருக்க முடியும்? அதை முடிவு செய்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கே இல்லை.

அமெரிக்காவில் இன்னொரு விசித்திரம். பதினெட்டு வயது ஆணை வியட்நாம் போருக்குக் கட்டாயமாக அனுப்பலாம். போரை நடத்துபவரைத் தேர்ந்தெடுக்க, பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு 21 ஆக வேண்டும். 1971-இல் அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தம் வந்த பிறகுதான் வாக்கு வயது நாடு முழுவதும் 18 ஆனது. இன்று பிரேசிலிலும் ஆஸ்திரியாவிலும் பதினாறு வயதினருக்கே வாக்கு இருக்கிறது. அது சரியா என்று விவாதிக்கலாம். நான் சரி என்பேன். இன்று எழுதும் சட்டத்தின் கீழ் அதிக காலம் வாழப்போகிறவர்கள் அவர்கள்தானே?

கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ முதன்முறையாக வாக்களித்துவிட்டு வரும்போது, யாருக்குப் போட்டாய் என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால், அது உங்களுக்குப் பிடிக்காத கட்சியாகவே இருந்தாலும், ஏன் என்று மட்டும் கேளுங்கள். பதிலை முழுவதுமாகச் சொல்லி முடிக்க விடுங்கள்.

நன்றி, வணக்கம்.