பால்பிரிகன்: ஊரும் உள்ளாடையும்

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலிருந்து கடலோரமாக வடக்கே ரயிலில் போனால் பால்பிரிகன் வரும். 2022 கணக்கெடுப்பில் 24,000 பேருக்கு மேல். காலையில் டப்ளினுக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

பழைய ஆங்கில அகராதியில் இதே பெயரைத் தேடினால் துணி என்று போட்டிருக்கும். சலவைக்காரம் போட்டு வெளுக்காத, மெல்லிய பருத்திப் பின்னல் துணி. நாம் பனியன் துணி என்கிறோமே, அந்த வகைதான். அதில் செய்த காலுறைக்கும், கணுக்கால் வரை நீளும் உள்ளாடைக்கும் பால்பிரிகன் என்றே பெயர். இங்கே 1780 வாக்கில் தொழில் வேரூன்றியது. ஸ்மித் கம்பெனியின் காலுறைகள் விக்டோரியா மகாராணி வரை போயின. அப்புறம் அமெரிக்க ஆலைகளும் தங்கள் உள்ளாடைகளுக்கு இந்தப் பெயரையே வைத்துக்கொண்டன. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது ஓர் ஊர் என்று தெரிந்திருக்கும்? இந்தக் கேள்வி என்னை விடுவதே இல்லை.

ஏனென்றால், அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த ஊரையே ஒரு ராத்திரியில் கொளுத்தினார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அயர்லாந்தின் விடுதலைப் போர்க் காலம். 1920 செப்டம்பர் 20. ஊர் மதுக்கடையில் பீட்டர் பர்க் என்ற காவல் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். பக்கத்து கோர்மன்ஸ்டன் முகாமிலிருந்து 'பிளாக் அண்ட் டான்ஸ்' என்று அழைக்கப்பட்ட, பிரிட்டிஷ் அரசு காவல்துறைக்குத் துணையாகச் சேர்த்த படையினர் லாரிகளில் வந்து இறங்கினார்கள். வீடுகள், மதுக்கடைகள், அவற்றோடு ஒரு பெரிய காலுறை ஆலையும் எரிந்தன. ஜேம்ஸ் லாலெஸ், ஜான் கிப்பன்ஸ் என்ற இரண்டு ஊர்க்காரர்களைக் கொன்றார்கள். ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்கு ஓடினார்கள்.

ஆலையைத்தான் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு எரிந்தால் அந்தக் குடும்பம் தெருவுக்கு வரும். ஆலை எரிந்தால், கூரை தப்பிய வீட்டிலும் சனிக்கிழமைக் கூலி வராது. அதிகாரியைச் சுட்டதற்கும் பின்னல் யந்திரத்தில் நூல் கோத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? பழிவாங்கல் என்று அன்று பேசியவர்கள் இதற்குப் பதில் சொல்லவே இல்லை.

சரி, கடிகாரம் விரட்டுகிறது. துறைமுகத்தை ஒட்டிய ரயில் பாலத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். வரிசையாகக் கல் வளைவுகள், கீழே படகுகள். டப்ளின்–டிராஹடா பாதை 1844-இல் திறந்தது; இன்றைக்கு வேலைக்குப் போகிறவர்களும் அதே பாதையில்தான் போகிறார்கள். கலங்கரை விளக்கத்துக்கு நேரமில்லை. வணக்கம்.